குடிக்க வைத்த தண்ணீர்

காலையில் கண் விழித்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, மாதவராஜ் போனில் நான்கு வானிலை ஆப்களைத் திறந்து பார்ப்பான். நான்கும் தருமபுரிக்கு நான்கு கணக்குச் சொல்லும். எது அதிகமாகச் சொல்கிறதோ அதை மட்டும் நம்புவான். முப்பத்தெட்டு வயதுக்காரன். கடத்தூரில் ஒரு நாளிதழின் பகுதி நிருபர். பத்திரிகை கொடுத்த அடையாள அட்டையை விட அவன் நடத்திய 'தகிக்கும் தருமபுரி' என்ற பேஸ்புக் பக்கத்துக்குத்தான் ஊரில் மரியாதை அதிகம். அறுபத்திரண்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்வான்.

அவன் பயம் பொய்ப் பயம் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தொள்ளாயிரம் அடி போர் போட்டும் வெறும் புகை வந்த தோட்டங்களை நேரில் நின்று படம் எடுத்தவன். மாம்பூ கருகி உதிர்ந்ததைப் பார்த்தவன். உலகத்தில் எந்த மூலையில் பனிப்பாறை உடைந்தாலும் அந்தச் செய்தி அவன் போனுக்கு வந்துவிடும். சாப்பிடும்போது பார்ப்பான், வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பான், கழிவறையில் உட்கார்ந்து பார்ப்பான். மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு முப்பது வயதாகும்போது சித்திரை எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, சோறு இறங்காமல் எழுந்து கை கழுவிய நாட்கள் உண்டு. மனைவி நிர்மலாதேவி போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தும் பார்த்துவிட்டாள். ஒரு மணி நேரம் தாங்கினான். அப்புறம் அரிசியைத் தரையில் கொட்டித் தேடினான்.

இரண்டு வருடத்துக்கு முன் வெப்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். மூன்று வாரம் அலைந்து, டாக்டர்களைப் பார்த்து, கணக்கெல்லாம் சேர்த்து எழுதியது. பேஸ்புக் பக்கத்தில் போட்டான். நாற்பத்தொரு லைக். அதில் எட்டு அவன் சொந்தக்காரர்கள். அடுத்த வாரம் ஒரு கிழவர் பஸ் ஸ்டாண்டு குழாயடியில் தலையை நீட்டி உட்கார்ந்திருந்ததை எடுத்துப் போட்டான், மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஆள் தெளிந்துவிட்டான். ஜனங்களுக்குப் படிக்கப் பிடிக்காது, பார்க்கத்தான் பிடிக்கும், பார்த்தாவது பயப்படட்டும் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

கோடை வந்தால் நிருபர்கள் எடுக்கும் படங்கள் ஏழெட்டுத்தான். தார் ரோட்டில் முட்டையை உடைத்து ஆம்லெட் போடுவது, துப்பட்டா மூடிய காலேஜ் பெண்கள், வெடித்த ஏரியில் ஒற்றை மாடு. இவற்றில் பாதி தானாக நடப்பதில்லை, நடத்துவதுதான். முட்டையை வாங்கிக்கொண்டு போய் உடைப்பவர் நிருபர். ஓட்டிக்கொண்டு வரச் சொல்லி மாட்டை நிறுத்துபவரும் நிருபர். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. வெயில் உண்மைதானே, படத்துக்காகக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வதில் என்ன குற்றம் என்பார்கள். மாதவராஜும் அப்படித்தான் சொல்லிவந்தான்.

சித்திரை இரண்டாவது வாரம். சேலத்தில் இருக்கும் அவன் பத்திரிகையின் டிஜிட்டல் பிரிவிலிருந்து காலையிலேயே போன். வெயில் வீடியோ வேண்டும், பெண்கள் இருந்தால் நல்லது, நீளவாக்கில் எடுங்கள். மாதவராஜ் பொம்மிடிப் பக்கம் ஒரு ஏரியில் நூறு நாள் வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போனான். ஏரி உள்வாயில் இருபத்தி மூன்று பெண்கள் வண்டல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்றே முக்கால். ரோட்டில் பார்த்தபோது போன் நாற்பத்தொன்று என்றது, உடம்புக்கு நாற்பத்தைந்து போலத் தோன்றும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் கலைமணி என்கிற இருபத்தாறு வயதுப் பெண். காலையில் ஒருமுறை, ஒரு மணிக்கு மேல் ஒருமுறை, எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அரசாங்க ஆப்பில் ஏற்றுவது அவள் வேலை. இரண்டு போட்டோவிலும் முகம் இருந்தால்தான் அந்த நாள் கூலி. அதனால் மயக்கம் வந்தாலும் இரண்டாவது போட்டோவுக்கு முன் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. குடிக்க இரண்டு குடம் தண்ணீர் ஊரிலிருந்து வந்திருந்தது. ஒன்று அதற்குள் காலி. இன்னொன்று கருவேல மரத்தடியில் ஈரத்துணி சுற்றி இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஆரோக்கியம்மாளைத்தான் மாதவராஜுக்குப் பிடித்தது. ஐம்பத்துநாலு வயது, எடுப்பான முகம், சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். குடத்தைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொள்ளச் சொன்னான். மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள், சினிமாவில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். ஆரோக்கியம்மாள் வெட்கப்பட்டாள், ஆனால் குடத்தை எடுத்தாள். போனில் பதிவை ஓடவிட்டபடியே, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று மாதவராஜ் பேச்சுக் கொடுத்தான்.

"மூணு உருண்டை களிங்க சார். எம்மவ பிளசி கிண்டிக் குடுத்தா. பதினெட்டு வயசுப் புள்ள கூட என் கூட மண்ணு வெட்ட முடியாது, ஆமா" என்றாள்.

முதல் தடவை முந்தானை முகத்தை மறைத்துவிட்டது. குடத்தை இறக்கிவைத்தவள் குனிந்து ஒரு வாய் குடிக்கப் போனாள். குடிக்க வைத்த தண்ணீர் இது, ஒரு வாய் குடித்துக்கொள்கிறேன் என்றாள். மாதவராஜ் தடுத்தான்.

"இருங்கம்மா. ஒதடு காஞ்ச மாதிரியே இருக்கட்டும். அதுதான் படத்துல பேசும்."

இரண்டாவது தடவை பின்னால் யாரோ மண்கூடையோடு குறுக்கே போய்விட்டார்கள். தலை லேசாகச் சுற்றுகிறது, ஒரு வாய் குடிக்கட்டுமா என்று ஆரோக்கியம்மாள் மறுபடியும் கேட்டாள். கடைசி, இதுதான் கடைசி என்றான். மூன்றாவது தடவை எல்லாம் கூடிவந்தது. தண்ணீர் மெதுவாக, கண்ணாடித் துணி போல இறங்கியது, அவள் கண்ணை மூடிச் சிரித்தாள். குடம் காலியானதை அவன் கவனித்தான். கவனிக்கவில்லை என்று அவனாலும் சொல்ல முடியாது. ரோட்டுக் கடையிலிருந்து இருபது லிட்டர் கேன் ஒன்று அனுப்பிவைக்கிறேன், பத்து நிமிஷம் என்று கலைமணியிடம் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் வைத்தான். வண்டியைக் கிளப்பும்போது ஆரோக்கியம்மாள் ஈரத் தலையோடு பின்னாலேயே வந்தாள்.

"தண்ணிய மறந்துறாதீங்க சார். தொண்டையெல்லாம் காயுது."

"இதோ அனுப்பறேம்மா" என்றான்.

ஏரிக்குள் அவன் போனுக்குச் சிக்னல் கிடையாது. ரோட்டுக்கு வந்து டீக்கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்ததும் நான்கு கோடும் வந்தது. கடை வாசலிலேயே நீல நிறத் தண்ணீர்க் கேன்கள் அடுக்கி இருந்தன. முதலில் வீடியோவை ஏற்றிவிடுவோம், அப்புறம் கேனைச் சொல்லுவோம் என்று நினைத்தான். வெட்டினான், மெதுவாக்கினான், பாட்டு சேர்த்தான். 'மக்களே, வெயிலில் போதிய தண்ணீர் குடியுங்கள்' என்று தலைப்புப் போட்டான். ஏற்றிய ஐந்தாவது நிமிஷத்தில் ஆயிரம் பேர். பத்தாவது நிமிஷத்தில் ஆறாயிரம். பார்வை எண்ணிக்கை ஏறும்போது அதை விட்டு எழுந்துபோவது அவனால் முடிந்த காரியமில்லை. ஒவ்வொரு கமெண்டுக்கும் கும்பிடு போட்டுப் பதில் சொன்னான். வெப்பத்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று ஒருவர் கேட்க, அதற்கு நீளமாக, சரியாக, அக்கறையாகப் பதில் எழுதினான். உடம்பில் நீர் குறைந்தால் வியர்வை நின்றுவிடும், வியர்வை நின்றால் மூளை சூடாகும் என்று எழுதினான். எழுதி முடிக்கும்போது மணி ஒன்று பத்து. கடத்தூரில் தக்காளியை ரோட்டில் கொட்டி விவசாயிகள் மறியல் செய்கிறார்கள் என்று போன் வந்தது. எழுந்து ஓடினான். கேன்கள் வாசலிலேயே இருந்தன.

இரண்டாவது போட்டோவுக்கு வரிசையில் நின்றபோது ஆரோக்கியம்மாள் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மாதவராஜ் மறியல் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது கலைமணி போன் செய்து சொன்னாள். அப்போதுதான் கேன் ஞாபகம் வந்தது.  அந்தச் செய்தியையும் அவன்தான் தட்டச்சு செய்து அனுப்பினான். ஏழு வரி. நெஞ்சுவலியால் இறந்ததாகக் கூறப்படுகிறது என்று முடித்திருந்தான்.

சிரித்த பெண் செத்துவிட்டாள் என்று தெரிந்ததும் வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. பத்தொன்பது லட்சம். சேலத்திலிருந்து வருத்தமும் பாராட்டும் ஒரே மெசேஜில் வந்தன. மாதவராஜ் வீடியோவை அழிக்க நினைத்தான், அழித்தால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டான். வெட்டாத முழு வீடியோ, நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி, போனிலேயே இருந்தது. உலக வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது இதைப் பார்க்க ஆரம்பித்தான். சாப்பாட்டின்போது, வண்டியை நிறுத்திவிட்டு, கழிவறையில். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டாலும் அவள் தண்ணீர் கேட்பது கேட்டது.

நாலாம் நாள் வருவாய்த் துறையிலிருந்து விசாரணைக்கு ஓர் அலுவலர் வந்தார். வேலை நடந்த இடத்தில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டார். கலைமணிக்குப் பயம். வேலை போய்விடும் என்று அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை, மாதவராஜின் வீடியோவைத் திறந்து காட்டினாள், அவ்வளவுதான். தலையில் ஊற்றிக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீர் இருந்திருக்கிறதே என்று அலுவலர் மற்றப் பெண்களைக் கேட்காமலேயே எழுதிக்கொண்டு போனார். தண்ணீர் இருந்திருக்கிறது, ஆளும் சிரிக்கிறாள், ஆகவே வெயிலில் சாகவில்லை, முன்பே நோய் இருந்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தை மறுக்க யாரிடமும் ஒன்றும் இல்லை, மாதவராஜின் பையில் இருந்ததைத் தவிர.

ஆரோக்கியம்மாள் மகள் பிளசி அவனைத் தேடி வந்தது இருபதாம் நாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவன் வைத்திருந்த சின்ன அறைக்குப் படியேறி வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பொம்மிடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள், அம்மாவோடு இருந்தவள். அண்ணன் அந்தோணி பிரகாஷுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. செய்தியில் நெஞ்சுவலி என்று படித்துவிட்டு, அடக்கத்தின்போது கல்லறையிலேயே எல்லோர் முன்னாலும் அண்ணன் அவளைக் கேட்டுவிட்டானாம், நெஞ்சுநோவோடு இருந்த அம்மாவை மறைத்து மண்வெட்ட அனுப்பினாயா என்று. விசாரணைக் காகிதமும் அதையே சொன்னதும் அடியோடு பேச்சை நிறுத்திவிட்டான். முப்பதாம் நாள் பூசைக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். சொந்தத்தில் பாதிப்பேர் அண்ணன் பக்கம். இதையெல்லாம் அழாமல் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு நெஞ்சுநோவு இருந்ததில்லீங்கண்ணா. ஒரு மாத்திரை கூட எடுத்ததில்ல. அன்னிக்கி உங்ககிட்டதான் கடைசியா நல்லாப் பேசிச்சாம். நோவுதுன்னு எதாச்சும் சொல்லுச்சா? முழு வீடியோ இருந்தா குடுங்க, எங்கண்ணனுக்குக் காட்டறேன்."

மாதவராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். போனில் இடமில்லாமல் அழித்துவிட்டதாகவும், பழைய கார்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதாகவும் சொன்னான். பிளசி நன்றி சொன்னாள். வெயிலைப் பற்றி அவன் எழுதுவதெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாளாம், அக்கறை உள்ள ஆள் என்று அம்மா சொல்லுமாம். இதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியும் என்றால் அவனை என்னவென்று சொல்வது. உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் அவன் பேஸ்புக் பக்கத்தில் பதிவுகள் கூடின. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. உருகும் துருவம், எரியும் காடு, எங்கோ வறண்ட ஆறு. பூமியே அழியப்போகிறது என்றால் ஒரு குடம் தண்ணீர் சின்ன விஷயமாகிவிடும் என்று அவன் மனசு எங்கேயோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. நிர்மலாதேவி டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினாள். எனக்கு ஒன்றுமில்லை, உலகத்துக்குத்தான் காய்ச்சல் என்று எரிந்து விழுந்தான்.

இருபத்தெட்டாம் நாள் சேலத்திலிருந்து மறுபடியும் போன். நாற்பத்திரண்டு டிகிரி வருகிறது, அந்தம்மா வீடியோ மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஓடைக்குப் போனான். அங்கேயும் பெண்கள், அங்கேயும் மரத்தடியில் குடம். அவன் போனை வெளியே எடுத்தான், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் சின்னம்மாள் என்ற பெண், நாற்பது வயதிருக்கும், மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேரே போய்க் குடத்தைத் தூக்கிவந்து அவன் எதிரில் நின்றாள்.

"அந்த செத்துப்போன அம்மா மாதிரியே ஊத்திக்கணுங்களா சார்? மொதல்ல குடிக்கக் கூடாதுன்னாங்க, ஒதடு காஞ்சிருக்கணுமாமே?"

அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டான். அன்று ஏரியில் வேலை செய்த ஒருத்தி சொன்னாள் என்றாள். வேலைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும் என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. படம் எடுக்கும் முறை அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மாதவராஜ் குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்து, குடியுங்கள், எல்லோரும் முதலில் குடியுங்கள் என்றான்.  பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் வண்டியைத் திருப்பி நேரே பொம்மிடிக்கு ஓட்டினான். வழி நெடுக அழுதான். அழுகை வந்ததே என்று கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிளசி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒற்றை அறை வீடு, சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஆரோக்கியம்மாள் படம். அவன் வீடியோவிலிருந்து எடுத்த முகம்தான் அது, கண் மூடிச் சிரிக்கிறது, சுற்றிலும் இருந்த தண்ணீரை ஸ்டூடியோக்காரர் அழித்துவிட்டு நீலமாக்கியிருந்தார். வேறு நல்ல படம் இல்லை என்றாள் பிளசி. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாதவராஜ் உட்காரவில்லை. வீடியோ கிடைத்துவிட்டதா என்று அவள் ஆசையோடு கேட்டாள். அது எப்போதும் என்னிடம்தான் இருந்தது, அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைக் கையில் கொடுத்தான்.

அவள் நின்றபடியே பார்த்தாள். களி உருண்டை வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். எம்மவ பிளசி என்று அம்மா சொன்ன இடத்துக்குத் திரும்பவும் போய்க் கேட்டாள். அப்புறம் அவன் குரல் வந்தது, உதடு காய்ந்த மாதிரியே இருக்கட்டும் என்று. அவள் முகம் மாறியதை மாதவராஜ் பார்த்தான். திட்டுவாள், செருப்பை எடுப்பாள் என்று எதிர்பார்த்தான், சொல்லப்போனால் அதற்காகத்தான் வந்திருந்தான். அவள் திட்டவில்லை. கடைசி வரை பார்த்துவிட்டு, அவன் போனிலிருந்தே தன் எண்ணுக்கு அனுப்பி, தன் போனிலிருந்து அண்ணனுக்கு அனுப்பினாள். இரண்டு டிக் விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அழைப்பதற்கு ஆறேழு நிமிஷம் ஆனது.  போன் அடித்ததும் பிளசி எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் விம்மி விம்மி அழுவது மாதவராஜுக்கும் கேட்டது. தங்கச்சி, தங்கச்சி என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பிளசி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். பூசைக்கு வருகிறேன், நாளைக்கே வருகிறேன் என்று அவன் சொன்னான் போலிருக்கிறது. வாண்ணா, வாண்ணா என்றாள்.

மாதவராஜ் வாசலுக்கு நகர்ந்தான். அவள் மேல் இருந்த பழி நீங்கிவிட்டது, அண்ணன் வந்துவிடுவான், தன் பங்கு முடிந்தது என்று ஒரு கணம் நினைத்தான். வீடியோ மூன்றாவது தடவை ஊற்றியதோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடந்தது எந்தப் போனிலும் இல்லை. அவன் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, கலைமணியும் தன் வேலைக்குப் பயந்து எங்கேயும் வாயைத் திறக்கமாட்டாள். செருப்பில் காலை நுழைத்துவிட்டான்.

"அண்ணன் உங்ககிட்டப் பேசணுமாம்" என்று பிளசி போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

அந்தோணி பிரகாஷ் அடித்தொண்டையில் பேசினான். கோபம் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நீங்கதாங்களா அந்த ரிப்போர்ட்டரு?"

"ஆமாங்க."

"எங்கம்மா ரெண்டு தடவ தண்ணி கேக்குது. ரெண்டு தடவதானுங்களா கேட்டுச்சு?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். மாதவராஜ் பிளசியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் பேச்சில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமா என்பது போல அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவைங்க" என்றான். "மூணாவது தடவ, நான் வண்டிய எடுக்கறப்ப, பின்னாடியே வந்து கேட்டாங்க. கொடத்துல இருந்ததெல்லாம் படத்துக்கே ஊத்தி முடிஞ்சிருச்சு. நான் ரோட்டுக் கடையில இருந்து அனுப்பறதா ஒத்துக்கிட்டேன்."

"அனுப்புனீங்களா?"

"இல்லீங்க. கடையில உக்காந்து அந்த வீடியோவ எத்தன பேரு பாக்கறாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."